2218 இன்னும் உயிரோடு இருக்கிறது

உட்காருங்க அண்ணாச்சி, வல்லநாடு இன்னும் வரவில்லை. 'வல்லநாடு எறங்குறதெல்லாம் முன்னால வா' என்று கத்தியது கண்டக்டர் இல்லை. நான்தான். முன்னால் பாருங்க, மூன்று பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார், நாம எப்போ கத்தினோம் என்று.

நீங்க வல்லநாட்டிலா இறங்கணும்? தூத்துக்குடியா? பிறகு எதுக்கு எழுந்திரிச்சீங்க? பார்த்தீங்களா, கண்டக்டர் குரல் கேட்டதும் கால் தானாக எழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். என்ன சொல்கிறான் என்று யாரும் கேட்பதில்லை அண்ணாச்சி, யார் குரல் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

என் பேர் டார்வின். திருநெல்வேலியில் பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம், வயசு பதினேழு. எங்க பிரின்சிபால் குரலில் ஒருநாள் மைக்கில் அரை நாள் லீவு விட்டேன். 'மாணவச் செல்வங்களே, மழைமேகம் கருதி...' என்று ஆரம்பித்தேன். மேகமே இல்லை. பிரின்சிபால் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாராம். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறீங்களே, வண்டி ஒர்க்‌ஷாப்பிலா? சரி, சரி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன் கேளுங்க. நான் போட்டதிலேயே பெரிய குரல் எது தெரியுமா? அது மனுஷன் குரலே இல்லை. ஒரு நத்தையின் குரல்.

எங்க அக்கா ரோஸ்லின் இருக்கிறாள். இப்போ அவளைப் பார்க்கத்தான் போகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு. இந்த ரோட்டில் ஒரு புதுக்கோட்டை வரும், அதைத் தாண்டி, தூத்துக்குடிக்கு முன்னாலேயே ஒரு இறால் கம்பெனி, நீலக் கூரை. அங்கே இறாலை உரித்து, உறைய வைத்து, பெட்டி போட்டுக் கப்பலில் ஏற்றுவார்கள். உறைய வைக்க அமோனியா. குழாய் குழாயாக அமோனியா ஓடும் அண்ணாச்சி. அது கசிந்தால் முதலில் கண்ணைக் குத்தும், பிறகு மூச்சு. பிறகு இல்லை. அதனால் கட்டடம் முழுக்க மூக்கு மாதிரி சின்னச் சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். வாயு வந்தால் அது கம்ப்யூட்டரிடம் சொல்லும், கம்ப்யூட்டர் சைரனை அடிக்கும். அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது எங்க அக்கா.

அந்த சைரன் நாலு கிலோமீட்டர் கேட்கும். நான் அதையும் போடுவேன். முதல்முதலில் கம்பெனிக்குள் போன அன்றைக்கே போட்டேன். அடிவயிற்றிலிருந்து எழுப்பி, மூக்குக்கு ஏற்றி, ஒரு உதறு உதறணும். அறுபது பொம்பளைகள் இறாலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். காற்று எங்கே போகிறது என்று காட்டக் கூரையில் காற்றுப்பை ஒன்று தொங்கும், அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடணும் என்று பழக்கியிருக்கிறார்கள். அத்தனை பேரும் தலையைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டு, ஒரே பக்கமாக. பார்க்க அப்படி இருந்தது. அக்கா வந்து எல்லார் முன்னாடியும் என்னை அறைந்தாள். 'நெசமா ஒண்ணு ஆகாம இந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போட்டேன்னா வீட்டுப்படி மிதிக்கக் கூடாது, பாத்துக்கோ.' அதிலிருந்து போடுவதில்லை. சத்தியமாக.

சைரனை அடிக்கிற சாஃப்ட்வேருக்கு 'நாடி' என்று பேர். யாருக்கும் சொந்தமில்லை, விலை கிடையாது. ஊர் ஊராக இருபது இருபத்தைந்து பேர், ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை, சேர்ந்து எழுதி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் உள்ளே பார்க்கலாம், யாரும் திருத்தித் தரலாம். பெரிய ஆள் என்று பார்த்தால் பெங்களூர் வித்யாதர். ஆபீஸ் வேலை முடிந்து சனி ஞாயிறில் இதைப் பார்க்கிறவர். 'ஹலோ எவ்ரிஒன், உங்க பொறுமைக்கு நன்றி, அடுத்த ரிலீஸில் கண்டிப்பா பார்க்கிறேன்.' எப்பவும் இதேதான். வீடியோ மீட்டிங்கில் இருமிக்கொண்டே சொல்வார். இருமல்கூட நான் போடுவேன், கேட்கிறீங்களா? சரி, வேண்டாம்.

இந்த நாடி கன்டெய்னருக்குள்தான் ஓடும். எங்கப்பா ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அக்காளும் கன்டெய்னர் என்றதும் அவருக்குப் பெருமை, 'நம்ம குடும்பத் தொழிலுல்லா' என்றார். இது வேற. கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டி, சாஃப்ட்வேரும் அதற்கு வேண்டியதும் உள்ளேயே. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மேஸ்திரி மாதிரி இன்னொரு சாஃப்ட்வேர். ஒரு பெட்டி செத்துப்போனால் அந்த மேஸ்திரி அழமாட்டான், என்ன ஏது என்று கேட்கமாட்டான். அதே அச்சில் இன்னொன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அரை நிமிஷம்கூட ஆகாது.

அதில்தான் அக்கா ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். கம்ப்ரஸரில் எண்ணெய் வடிக்கும்போது கொஞ்சம் வாயு வரத்தான் செய்யும். அதுக்கெல்லாம் சைரன் அடித்தால் வேலை நடக்காது. அதனால் பத்து நிமிஷம் சைரன் வாயை மூடி வைக்க ஒரு பட்டன் உண்டு. பத்து நிமிஷம் ஆனதும் பெட்டி தானே மூடியைத் திறந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் பெட்டி செத்து, மேஸ்திரி புதுப் பெட்டி திறந்தான் என்றால்? வாய் மூடியிருக்கிறது என்பது புதுப் பெட்டிக்குத் தெரியும். எதுவரைக்கும் என்பது தெரியாது. அதனால் மூடியது மூடியபடியே. திரையில் மட்டும் எல்லாம் பச்சை.

அக்கா அதை நாடிக்காரர்களிடம் இஷ்யூவாக எழுதிப் போட்டாள். இஷ்யூ என்றால் குறை எழுதிப் போடுகிற சீட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அக்காளுடையது 2218. அது சரியாகும்வரைக்கும் என்று சொல்லி, வாயை மூடுகிற நாளெல்லாம் அந்தோணி அண்ணனைக் கம்ப்ரஸர் பக்கத்தில் நிறுத்தினாள். கையில் வாயு மீட்டர், பக்கத்தில் கையால் சுற்றுகிற சைரன். அந்த அண்ணன் பத்து நிமிஷம் முடிந்த பிறகும் எழாமல், மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரையே பார்ப்பார். அவரையும் போடுவேன், 'ஏ ரோசு, டீயாவது குடுக்கச் சொல்லுத்தா.'

இப்போ நத்தைக்கு வருகிறேன்.

அவர்களிடம் முன்னூறு நானூறு இஷ்யூ கிடக்கும். மனுஷன் பார்த்து முடியாது. அதனால் ஒரு பாட் வைத்திருக்கிறார்கள், தானியங்கி. படத்தில் போலீஸ் தொப்பி போட்ட நத்தை. ஒரு இஷ்யூவில் முப்பது நாள் யாரும் பேசவில்லை என்றால் நத்தை வரும். இங்கிலீஷில்தான் சொல்லும், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். குரல் இல்லாத குரல் அது, ரயில்வே ஸ்டேஷன் அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி. 'இந்தச் சீட்டில் முப்பது நாட்களாக அசைவில்லை. இது வாடியதாகக் குறிக்கப்படுகிறது. இன்னும் ஏழு நாட்களில் மூடப்படும். உங்கள் பங்களிப்புக்கு நன்றி.' மூடாமல் இருக்கணும் என்றால் குறை எழுதினவர் வந்து ஒரு வரி போடணும், இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று. குறை இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை அண்ணாச்சி. யாராவது பேசினார்களா என்பதுதான் கணக்கு.

அக்கா போனில் அதுக்கென்று ஒரு மணி வைத்திருந்தாள். இருபத்தொன்பதாம் நாள் அடிக்கும். எங்கே இருந்தாலும் எடுத்து எழுதுவாள், '2218 இன்னும் உயிரோடு இருக்கிறது.' சர்ச்சில் எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுதியிருக்கிறாள். பதினாலு மாசம். ஒரு செடிக்குத் தண்ணி ஊற்றுகிற மாதிரி. வித்யாதரும் நடுவில் நடுவில் வருவார். 'உங்க பொறுமைக்கு நன்றி, அடுத்த ரிலீஸில்...'

எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. கல்லூரி விழா வரைக்கும்.

பிப்ரவரியில் விழா. முதல்முதலாக மேடையில் பன்னிரண்டு குரல். அக்கா லீவு போட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பதினோரு குரலுக்கும் விசில் பறந்தது. பன்னிரண்டாவது யார் என்று நினைக்கிறீங்க? அவள்தான். 'ஏல டார்வினு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு?' அம்மா போனதிலிருந்து தினமும் கேட்கிற குரல் அது. ரெண்டு மாசம் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று பேசும்போது எனக்கே ஒருமாதிரி ஆகும். அதை மேடையில் எடுத்து விடுகிறேன், கூட்டம் அப்படியே அடங்கிப்போகிறது. கீழே பார்க்கிறேன். அக்கா தலையைக் குனிந்து போனில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இருபத்தொன்பதாம் நாள்.

கை தட்டினாள், தட்டவில்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் தட்டுகிறார்களே என்று நிமிர்ந்து பார்த்துத் தட்டினாள். பஸ்ஸில் வரும்போது 'கடைசியா யார் கொரல்ல போட்ட?' என்று கேட்டாள்.

சரி, 2218-ஐச் சாகடிக்கணும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

நத்தைக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு கணக்குத் திறந்தேன். அதே படம், அதே தொப்பி, பேரில் மட்டும் ஒரு எழுத்து கூட. முதலில் சும்மா ஒத்திகை பார்த்தேன். ஒரு ஜெர்மன்காரர் இஷ்யூவில் போய், 'நீங்கள் முப்பது நாட்களாகத் தண்ணீர் குடிக்கவில்லை. வாடியதாகக் குறிக்கப்படுகிறீர்கள்' என்று போட்டேன். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? உயிரோடு இருக்கிறேன் என்கிற அந்த வரியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். படிக்கவே இல்லை அண்ணாச்சி. நத்தை வந்தால் அந்த வரியைப் போடணும், போட்டுவிட்டார். வல்லநாடு என்றதும் நீங்க எழுந்திரிச்ச மாதிரிதான்.

அப்புறம் 2218-க்குப் போனேன். 'இந்தக் குறை புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்டது. எழுதியவர் இந்தச் சீட்டை மூடலாம். உங்கள் பங்களிப்புக்கு நன்றி.' அவ்வளவுதான் எழுதினேன். கூட ஒரு சொல் போட்டிருந்தால்கூட நத்தையாக இருந்திருக்காது. அளவு தெரியணும்.

அக்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. 'எந்த மாற்றத்தில் சரியானது? யார் செய்தார்கள்?' என்று கேட்டு எழுதினாள். எனக்கு வேர்த்துவிட்டது. நத்தை பதில் சொல்லாது, சொன்னால் மாட்டிக்கொள்ளும். சரி, வித்யாதர் குரலில் ஒரு கணக்குத் திறக்கலாம் என்று இருமலோடு தயாராகிறேன், அதற்குள் என்ன நடக்கிறது? நிஜ வித்யாதரே வருகிறார். 'ஹலோ, இது சரியாகிவிட்டதில் ரொம்ப மகிழ்ச்சி. உங்க பொறுமைக்கு நன்றி.' கட்டைவிரல் வேறு தூக்கிக் காட்டியிருக்கிறார். நான் அவர் குரலைப் போடவே தேவையில்லை அண்ணாச்சி. அவரே வந்து போட்டுவிட்டார். முன்னூற்று நாற்பதில் ஒன்று குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அக்கா அன்று சாயங்காலம் 2218-ஐத் தன் கையாலேயே மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் போட்டு உடைக்கிறதுதான் என் திட்டம். நத்தை குரலில், 'உங்கள் குழம்பு முப்பது நாட்களாக அசைவில்லை' என்று ஆரம்பித்து. ஆனால் அவள் அன்றைக்கு இருந்த இருப்பைப் பார்க்கணும் நீங்க. தலை குளித்து, மல்லிகை வைத்து, நண்டு வாங்கிச் சமைத்திருந்தாள். 'பதினாலு மாசம்ல டார்வினு. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பச்சை வெளக்கை நெனச்சுக்கிட்டேதான் படுப்பேன். இனிமே தூங்குவேன்ல.' எனக்கு நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அவளும் என் மேடைக் குரலை ஒருதடவை போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டேன். அழுதாள். அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்ல?

கம்பெனியில் மட்டும் அவள் சும்மா இருக்கவில்லை. சைரன் வாயை மூடி, பெட்டியை வேண்டுமென்றே கொன்று பார்க்கணும் என்று கேட்டிருக்கிறாள். மேனேஜர் விடவில்லை. அவர் குரல் இது, வெற்றிலை போட்ட குரல். 'ஏம்மா, ஏற்றுமதி சீசன்ல மெஷினை நிறுத்திச் சோதனை பண்ணச் சொல்றியா? அவங்களே சரியாயிட்டுன்னு சொல்லிட்டாங்கல்லா. பொறவு அந்தோணி எதுக்கு நாற்காலில குந்திக்கிட்டு?' அந்தோணி அண்ணனைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கைச் சைரன் ஸ்டோர் ரூமில். அந்தோணி அண்ணனுக்கும் சந்தோஷம்தான்.

என்ன கேட்டீங்க? ஆமா, நிஜத்தில் சரியாகவில்லை. யாரும் அதைத் தொடவே இல்லையே. ஆனால் பதினாலு மாசம் ஒன்றும் ஆகவில்லை, பிறகும் ஏழு வாரம் ஒன்றும் ஆகவில்லை. சரியானதுக்கும் சரியாகாததுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க? அக்கா தூங்குகிறாள். வித்தியாசம் அது ஒன்றுதான்.

நடுவில் ஒருநாள் மனசு கேட்காமல் நானே போய் எழுதிவிடலாம் என்று பார்த்தேன். என் சொந்தப் பேரில், '2218 இன்னும் உயிரோடு இருக்கிறது' என்று. போனால், நிஜ நத்தை வந்திருக்கிறது. 'மூடப்பட்டு முப்பது நாட்கள் ஆனதால் இந்த உரையாடல் பூட்டப்படுகிறது.' எழுதுகிற இடமே இல்லை. புதுச் சீட்டு போடலாம்தான். போட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. நிஜ நத்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைவிட நன்றாக என் வேலையைச் செய்கிறது.

இன்றைக்குச் சொல்லிவிடுவேன். அதற்குத்தான் போகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்க. எனக்குப் பிறந்தநாள், இன்றைக்கு அடிக்கமாட்டாள்.

காலையில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள், ஒன்பது நாற்பதுக்கு. பெருமாள்புரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். அப்படியே போடுகிறேன் பாருங்க. 'ஏல டார்வினு, பொறந்தநாள் வாழ்த்துலே. ஒரு மணிக்கு வந்துரு, பிரியாணி சொல்லியிருக்கேன். இங்க இன்னைக்கு எண்ணெய் வடிக்காங்க, பத்து நிமிசம் சைரன மூடியிருக்கேன். நடுவுல கரண்டு போய் வந்துச்சு பாத்துக்கோ, பெட்டி செத்துத் தானா எந்திரிச்சிட்டு. எல்லாம் பச்சை. முன்னன்னா எனக்கு உசுரே போயிருக்கும். இப்ப நிம்மதியா டீ குடிக்கேன்.' அப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. மூச்சை எங்கே விடுகிறாள் என்று பிடிபடவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

போட்டேனே, போன் போட்டேனே. பாளையங்கோட்டையில் ஒருதடவை, பாலம் தாண்டும்போது ரெண்டு தடவை. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எடுக்கமாட்டாள். அங்கே உறைய வைக்கிற கூடத்தில் போனே கொண்டுபோகக் கூடாது. சரி, உங்களுக்காக இன்னொரு தடவை போடுகிறேன்.

அடிக்கிறது.

எடுக்கவில்லை. சொன்னேன்ல.

பஸ் ஏன் நின்றுவிட்டது? புதுக்கோட்டை போன நிமிஷமே தாண்டியாச்சே. இதோ, நீலக் கூரை தெரிகிறது பாருங்க, அந்த லாரிகளுக்கு அப்பால். அதுதான். எத்தனை லாரி வரிசையாக நிற்கிறது, ஏதாவது ஆக்சிடெண்டாக இருக்கும். இந்த ரோட்டில் மாசத்துக்கு நாலு.

அது எங்க கம்பெனி ஆட்கள்தான். நீலத் தொப்பி, ரப்பர் பூட்ஸ். சாப்பாட்டு நேரம் ஆகவில்லையே, எதுக்கு ரோட்டில் வருகிறார்கள்? துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு. முன்கட்டில் உரிக்கிறவர்கள் இவர்கள், எனக்குத் தெரியும், முன்னால் நிற்கிறது குருசம்மாள் அக்கா. பின்கட்டு ஆட்கள் யாரையும் காணோம். பேக்கிங் எல்லாம் பின்கட்டில்தான். அந்தோணி அண்ணன், அக்காளுடைய கன்ட்ரோல் ரூம், எல்லாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை போல, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூரைமேல் அந்தக் காற்றுப்பை, பாருங்க, பின்கட்டுப் பக்கமாகத்தான் பறக்கிறது.

கண்டக்டர் ஜன்னலை எல்லாம் சாத்தச் சொல்கிறார். நான் இல்லை அண்ணாச்சி, இது அவரேதான். பஸ்ஸுக்குள் எதுக்கு ஹெல்மெட்டைப் போடுகிறீங்க? எனக்கும் கண் எரியத்தான் செய்கிறது. டீசல் புகையாக இருக்கும்.

என்னது? சைரன் குரலையா? இப்பவா? ஜன்னலைத் திறந்துகொண்டா? வேண்டாம் அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தைப் போட்டால் பின்கட்டில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து ஓடுவார்கள். அக்காளும் ஓடிவருவாள், வந்து பார்த்தால் நான். எல்லார் முன்னாடியும் அறைவாள். நிஜமாக ஒன்று ஆகாமல் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், நானும் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

கையை விடுங்க அண்ணாச்சி. கொஞ்சம் பேசாமல் இருங்க, எல்லாரும் பேசாமல் இருங்க. நாலு கிலோமீட்டர் கேட்கிற சைரன் அது, இங்கே அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

கேட்கவில்லைல்ல?

நன்றாகக் கேட்டுச் சொல்லுங்க. சைரன் அடிக்கவில்லைல்ல? அப்போ ஒன்றும் ஆகவில்லை அண்ணாச்சி. ஆகியிருந்தால் அடித்திருக்கும்.